திருமணத்தை மீறிய உறவு குற்றமா? கர்நாடகத்தில் சட்டம் கூறுவது என்ன?

கௌதள்ளி (கர்நாடகம்): திருமணமான ஒருவர், தம் கணவரோ மனைவியோ அல்லாத வேறொருவருடன், இருவரும் வயது வந்தோராக இருந்து விருப்பத்தின் பேரில் கொள்ளும் உறவு கர்நாடகத்தில் குற்றமல்ல. இந்தியாவின் பிற மாநிலங்களிலும் இதுவே சட்ட நிலை. இத்தகைய உறவைத் தண்டனைக்குரியதாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவிலும் அப்பிரிவு இடம்பெறவில்லை.

எனினும், குற்றம் அல்ல என்பதால் சட்டத்தின் பார்வையில் அதற்கு எந்த விளைவும் இல்லை எனக் கொள்ள இயலாது. மணவிலக்கு, ஜீவனாம்சம், அரசுப் பணி, சொத்து ஆகியவற்றில் அதன் தாக்கம் தொடர்கிறது. மறுபுறம், 'காவல் நிலையத்தில் புகார் கொடுத்துச் சிறைக்கு அனுப்புவேன்' என்ற மிரட்டலும், ஊர்க் கூட்டம் கூட்டி அபராதம் விதிக்கும் வழக்கமும் பல இடங்களில் ஓயவில்லை. சட்டம் எதைத் தண்டிக்கிறது, எதை உரிமையியல் நீதிமன்றத்திடம் விட்டிருக்கிறது என்பதை அறிந்திருப்பது இரு தரப்பினருக்கும் இன்றியமையாதது.

மாநிலம் மாறியது; சட்டம் மாறவில்லை

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் கௌதள்ளி. கன்னடமும் தமிழும் புழங்கும் இப்பகுதி, 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரை, அன்றைய சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த கொள்ளேகால் வட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூரு மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1997இல் மைசூரு மாவட்டத்தைப் பிரித்து சாமராஜநகர் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அதன் பகுதியானது. இன்று ஹனூர் வட்டத்தில் உள்ளது.

இத்தனை நிர்வாக மாற்றங்களுக்கு இடையிலும் இவ்வூர் மக்களுக்குப் பொருந்திய குற்றச் சட்டம் ஒன்றே. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம் சென்னை மாநிலத்துக்கும் மைசூரு மாநிலத்துக்கும் பொதுவாக இருந்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனத் தனித் தண்டனைச் சட்டம் வைத்துள்ளது. இந்தியாவில் அடிப்படைத் தண்டனைச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றிய மத்தியச் சட்டமாகும். எனவே இக்கேள்விக்குக் கர்நாடகத்தில் ஒரு விடை, எல்லைக்கு அப்பால் ஈரோட்டிலோ சேலத்திலோ வேறொரு விடை என்ற நிலை இல்லை.

497ஆம் பிரிவு கூறியது என்ன?

ஒரு பெண் வேறொருவரின் மனைவி என அறிந்தும், அல்லது அவ்வாறு நம்பக் காரணம் இருந்தும், அவளுடைய கணவரின் சம்மதமோ உடந்தையோ இன்றி அவளுடன் உறவு கொள்ளும் ஆண், பிறன்மனைப் புணர்ச்சிக் குற்றம் புரிந்தவர் ஆவார் என்று 497ஆம் பிரிவு வரையறுத்தது. ஐந்து ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் தண்டனையாக விதிக்கப்படலாம். அப்பெண்ணை உடந்தையாளராகக் கருதித் தண்டிக்க இயலாது என்றும் அதே பிரிவு கூறியது.

இதன் உட்பொருள் கவனிக்கத்தக்கது. மணமான ஆண், மணமாகாத பெண்ணுடனோ கைம்பெண்ணுடனோ உறவு கொண்டால் இப்பிரிவின்படி குற்றமில்லை. கணவர் சம்மதித்தால், பிறன்மனையுடன் கொள்ளும் உறவும் குற்றமில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 198(2) பிரிவின்படி, பாதிக்கப்பட்டவராகக் கருதப்பட்டவர் பெண்ணின் கணவர் மட்டுமே. உறவில் ஈடுபட்ட ஆணின் மனைவிக்குப் புகார் அளிக்கும் உரிமை இல்லை. பாதிக்கப்பட்ட மனைவிக்குச் சட்டம் எந்த வழியையும் திறக்கவில்லை.

மேலும், 497ஆம் பிரிவு நடைமுறையில் இருந்த காலத்திலும் இக்குற்றத்துக்காகக் காவல் துறை நேரடியாக வழக்குப் பதிந்து கைது செய்ய இயலாது. நீதித்துறை நடுவரிடம் கணவர் முறையிட வேண்டும் என்பதே நடைமுறை. 'காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்' என்ற நம்பிக்கைக்கு அன்றும் சட்டத்தில் இடமில்லை.

மெக்காலே சேர்க்காத பிரிவு

1837இல் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் உருவாக்கிய தண்டனைச் சட்ட வரைவில் இக்குற்றம் இடம்பெறவில்லை. கணவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு இழப்பீடே பொருத்தமான தீர்வு என்றும், சிறை வயதிலேயே மணம் முடிக்கப்பட்டு, கணவர் பல மனைவியரை மணக்க, புறக்கணிப்புக்கு உள்ளாகும் பெண்களின் நிலையைக் கருத வேண்டும் என்றும் அவ்வரைவுக்கான குறிப்புகள் கூறின. பின்னர் வந்த ஆணையம் இக்குற்றத்தைச் சேர்த்தது. பெண்களின் அதே நிலையைக் காரணம் காட்டி, மனைவிக்கு மட்டும் தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது.

விடுதலைக்குப் பின்னர் இப்பிரிவு மூன்று முறை உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைச் சந்தித்து நிலைத்தது. ஆணை மட்டும் தண்டிப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்ற வாதம் 1954இல் நிராகரிக்கப்பட்டது. பெண்களுக்கெனச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசமைப்புச் சட்டத்தின் 15(3) பிரிவு இடமளிக்கிறது என நீதிமன்றம் கூறியது. 1985இல் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அமர்வு, இத்தகைய உறவில் பெண்ணை வசப்படுத்துபவர் ஆணே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து எனக் கூறிப் பிரிவை உறுதி செய்தது. 1988இல், கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இச்சட்டம் இடந்தரவில்லை என்பதால் பாரபட்சம் ஏதுமில்லை எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

இடையில், 1971இல் வெளியான சட்ட ஆணையத்தின் 42ஆவது அறிக்கையும், 2003இல் மாலிமத் குழுவின் அறிக்கையும், பெண்ணையும் தண்டனைக்கு உட்படுத்தும் வகையில் பிரிவைத் திருத்தப் பரிந்துரைத்தன. இந்தியாவின் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதிகளுள் ஒருவரான அன்னா சாண்டி, சட்ட ஆணையத்தின் உறுப்பினராக இருந்து, இப்பிரிவையே நீக்க வேண்டும் என மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார்.

2018 தீர்ப்பு

இத்தாலியில் வசித்துவந்த கேரளத்தைச் சேர்ந்த ஜோசப் ஷைன், 2017இல் 497ஆம் பிரிவை எதிர்த்துப் பொதுநல மனு தாக்கல் செய்தார். தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா, நீதிபதிகள் ஏ.எம். கான்வில்கர், ஆர்.எஃப். நாரிமன், டி.ஒய். சந்திரசூட், இந்து மல்கோத்ரா ஆகியோர் கொண்ட அமர்வு அதனை விசாரித்தது. திருமணத்தின் புனிதத்தைக் காக்க இப்பிரிவு தேவை என மத்திய அரசு வாதிட்டது.

ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அவ்வாதத்தை ஏற்க மறுத்தனர். கணவரின் சம்மதம் இருந்தால் குற்றமில்லை என்று கூறும் சட்டம் திருமணத்தைக் காக்கவில்லை. மனைவியைக் கணவரின் உடைமையாகக் கருதுகிறது என்பதே தீர்ப்பின் மையக் கருத்து. இப்பிரிவு, சமத்துவம், பாகுபாடின்மை, உயிர்வாழ்வும் தனிமனித சுதந்திரமும் ஆகியவற்றை உறுதி செய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 14, 15, 21 பிரிவுகளுக்கு முரணானது என அமர்வு அறிவித்தது. கணவரை மட்டும் பாதிக்கப்பட்டவராகக் கருதிய நடைமுறைச் சட்டப் பிரிவும் அந்த அளவுக்கு ரத்தானது. 1985இல் தம் தந்தை அளித்த தீர்ப்பு சரியான சட்டமல்ல என நீதிபதி டி.ஒய். சந்திரசூட் இவ்வழக்கில் தெரிவித்தார்.

இத்தீர்ப்புக்கு அடித்தளமாக அமைந்த மற்றொரு தீர்ப்பு கர்நாடகத்தோடு தொடர்புடையது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. திருமணத்துக்குள் நிகழும் மீறலை அரசு சிறைத்தண்டனை கொண்டு எதிர்கொள்வது அந்தரங்கத்தின் எல்லைக்குள் நுழைவதாகும் என 2018 அமர்வு கருதியது. அதே வேளையில், மணவிலக்குக்கு அது காரணமாக இருப்பதில் தடையில்லை எனவும் தெளிவுபடுத்தியது.

மீண்டும் குற்றமாகுமா?

புதிய குற்றவியல் மசோதாக்களை ஆராய்ந்த உள்துறை நாடாளுமன்ற நிலைக்குழு, ஆண், பெண் இருவருக்கும் பொதுவான வகையில் இக்குற்றத்தை மீண்டும் சேர்க்கலாம் என 2023 நவம்பரில் பரிந்துரைத்தது. ஆனால் டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாரதிய நியாய சம்ஹிதாவில் அது சேர்க்கப்படவில்லை.

மாநில அரசு தனியே சட்டம் இயற்ற இயலுமா என்ற கேள்வியும் எழுகிறது. குற்றவியல் சட்டமும், திருமணம், மணவிலக்கு ஆகியனவும் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ளன. எனவே சட்டமன்றத்துக்கு இத்துறையில் அதிகாரம் உண்டு. மத்தியச் சட்டத்துடன் முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. ஆனால் எந்தச் சட்டமன்றம் இயற்றினாலும் அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டே அது நிலைக்க முடியும். 2018 தீர்ப்பு நிலைத்திருக்கும் வரை, அதே தன்மையிலான மாநிலச் சட்டமும் நீதிமன்றத்தில் அதே கேள்வியை எதிர்கொள்ளும்.

படையினருக்கு மட்டும் நிலை வேறு. 2018 தீர்ப்பு முப்படைகளின் சட்டங்களைப் பாதிக்காது என 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒழுங்கீனம் என்ற அடிப்படையில் படைத்துறை நடவடிக்கை எடுக்க இயலும்.

இன்றும் குற்றமாக நீடிப்பவை

உறவு குற்றமல்ல என்றாலும், அதனைச் சுற்றி நிகழும் சில செயல்கள் குற்றங்களே. கணவரோ மனைவியோ உயிருடன் இருக்க, சட்டப்படி செல்லாத இரண்டாம் திருமணம் செய்வது பாரதிய நியாய சம்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரியது. முதல் திருமணத்தை மறைத்து மணம் புரிந்தால் பத்து ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. அரசு ஊழியராயின் துறை நடவடிக்கையும் தொடரும்.

வேறொருவரின் மனைவியைத் தகாத உறவுக்காக ஆசைகாட்டி அழைத்துச் செல்வதையோ அடைத்து வைப்பதையோ 84ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டுகள் வரை சிறை விதிக்கப்படலாம். பழைய சட்டத்தின் 498ஆம் பிரிவின் தொடர்ச்சியே இது. எனினும், வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தின் பேரில் வீட்டை விட்டுச் சென்றிருந்தால், அவரை வலுக்கட்டாயமாகத் திருப்பி அனுப்பக் காவல் துறைக்கு அதிகாரம் இல்லை. ஆட்கொணர்வு மனுவில் நீதிமன்றம் கேட்டறிவது அவருடைய விருப்பத்தையே.

கணவரின் உறவால் மனைவி கொடுமைக்கு உள்ளானார் என்ற புகார்கள் 85ஆம் பிரிவின் கீழ் வருகின்றன. இது முன்னர் 498ஏ பிரிவாக இருந்தது. கர்நாடகத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இது குறித்து முக்கிய விளக்கம் அளித்தது. வேறொரு பெண்ணுடனான உறவு என்ற ஒரே காரணத்தால் மட்டும் குற்றவியல் சட்டம் கூறும் கொடுமையோ, தற்கொலைக்குத் தூண்டியதோ நிரூபணமாகாது. அவ்வழக்கின் சூழலும் நடத்தையும் அதனைக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அடித்தல், பட்டினியிடுதல், வீட்டைவிட்டு வெளியேற்றுதல் ஆகியவை இருந்தால் நிலை முற்றிலும் வேறு. அவை தனித்தனிக் குற்றங்களாகும்.

துணையின் உறவை அறிந்த ஆத்திரம் வன்முறைக்கு உரிமம் ஆகாது. மனைவியுடன் உறவு கொண்டிருந்தவரை 1959இல் பம்பாயில் சுட்டுக்கொன்ற கடற்படை அதிகாரி கே.எம். நானாவதி, திடீர் ஆத்திரத்தில் நிகழ்ந்தது என வாதிட்டார். உச்ச நீதிமன்றம் 1961இல் அதனை ஏற்காமல் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

மணவிலக்கு வழக்கில் அதன் இடம்

இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, திருமணத்துக்குப் பின் துணை அல்லாத ஒருவருடன் விருப்பத்துடன் உறவு கொண்டது மணவிலக்குக்குப் போதுமான காரணம். 1976 திருத்தத்துக்கு முன்னர், தொடர்ந்து அத்தகைய வாழ்வு நடத்தியதாகக் காட்ட வேண்டியிருந்தது. திருத்தத்துக்குப் பின் ஒரு முறை நிகழ்ந்தாலும் போதும். கணவர், மனைவி இருவருக்கும் இவ்வுரிமை சமமாக உண்டு. சிறப்புத் திருமணச் சட்டத்திலும், கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்திலும் இதே காரணம் உள்ளது. கிறிஸ்தவ மனைவி இதனுடன் வேறொரு குற்றச்சாட்டையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்த பாரபட்சம் 2001இல் நீக்கப்பட்டது.

விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. துணையின் செயலை அறிந்த பின்னர் மன்னித்து ஏற்றுக்கொண்டு வாழ்ந்திருந்தால், அதையே காரணமாகக் காட்டி மணவிலக்குப் பெற இயலாது. குழந்தைகளைப் பொறுத்தவரை, யாரிடம் வளர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல் குழந்தையின் நலன். பெற்றோரில் ஒருவரைத் தண்டிக்கும் கருவியாகப் பராமரிப்பு உரிமை பயன்படுவதில்லை.

மூன்றாம் நபர் மீது இழப்பீடு கோரும் வழக்குகளும் அண்மையில் பேசுபொருளாகியுள்ளன. கணவருடன் உறவு கொண்டு குடும்பத்தைக் குலைத்ததாகக் கூறி ஒரு பெண் மற்றொரு பெண்ணிடம் இழப்பீடு கோரிய வழக்கை, விசாரணைக்கு ஏற்கத்தக்கது எனக் கருதி 2025 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பியது.

ஜீவனாம்சம்: பெண்ணுக்கே கூடுதல் பாதிப்பு

குற்றம் நீங்கியபோதும் இந்த உறவின் சட்ட விளைவு மிகுதியாகத் தாக்குவது பொருளாதார வலுவற்ற மனைவியரையே. பாரதிய நாகரிக சுரக்ஷா சம்ஹிதாவின் 144ஆம் பிரிவு, தன்னைத் தானே பராமரிக்க இயலாத மனைவிக்கு ஜீவனாம்சம் வழங்குகிறது. ஆனால் அவர் வேறொருவருடன் உறவு கொண்டு வாழ்ந்துவந்தால் அவ்வுரிமை இல்லை என நான்காம் உட்பிரிவு கூறுகிறது. முந்தைய 125ஆம் பிரிவிலும் இதே நிலைதான்.

இங்கு 'வாழ்ந்துவருதல்' என்ற சொல் முக்கியமானது. எப்போதோ நிகழ்ந்த ஒரு தவறு இதற்குப் போதாது. தொடர்ச்சியான உறவு, அதுவும் வழக்குக் காலத்தை ஒட்டி இருந்ததாகக் காட்டப்பட வேண்டும் எனப் பல உயர் நீதிமன்றங்கள் கூறியுள்ளன. அதனை நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டும் கணவருடையது. ஊராரின் பேச்சோ வெறும் சந்தேகமோ சாட்சியம் ஆகா. அதே வேளை, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கோரிய ஒரு வழக்கில், வேறொருவருடனான உறவு நிரூபணமானதால் மனைவியின் கோரிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2023இல் ஏற்க மறுத்தது.

இதற்கு மாறாக, கணவர் வேறொரு பெண்ணுடன் வாழ்வது மனைவி தனித்து வாழ்ந்து ஜீவனாம்சம் கோருவதற்கு நியாயமான காரணமாகக் கருதப்படும்.

மற்றொரு பெண்ணும் குழந்தைகளும்

மணமானவர் என அறிந்தே ஒருவருடன் பல ஆண்டுகள் வாழ்ந்து பின்னர் கைவிடப்பட்ட பெண்ணுக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவு. பெங்களூருவில் தொடங்கிய ஒரு வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அத்தகைய உறவு 'திருமணத்தை ஒத்த உறவு' ஆகாது எனக் கூறி, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பயனை மறுத்தது. அவ்வாறு கைவிடப்படும் ஏழைப் பெண்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் காக்க நாடாளுமன்றம் உரிய சட்டம் பற்றிச் சிந்திக்க வேண்டும் எனவும் குறிப்பிட்டது.

குழந்தைகளின் நிலை சற்று மேம்பட்டது. பெற்றோரின் உறவு எத்தகையதாயினும், குழந்தை தந்தையிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். சட்டப்படி செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு, இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் தம் பெற்றோருக்கு உரிய பங்கில் உரிமை உண்டு என, கர்நாடகத்திலிருந்து சென்ற வழக்கில் 2023 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திருமணம் நீடிக்கும் காலத்தில் பிறந்த குழந்தை அக்கணவரின் குழந்தையே என்பது சாட்சியச் சட்டத்தின் ஊகம். மனைவியின் உறவை நிரூபிப்பதற்காக மட்டும் குழந்தைக்கு மரபணுச் சோதனை நடத்தும்படி வழக்கமாக உத்தரவிடக் கூடாது என 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது.

சாட்சியமும் அந்தரங்கமும்

கைப்பேசி, இவ்வகை வழக்குகளின் முதன்மைச் சாட்சியமாக மாறியுள்ளது. இதில் நீதிமன்றங்கள் இரு திசைகளில் எல்லை வகுத்துள்ளன. கணவன் மனைவிக்கு இடையிலான வழக்கில், வழக்கில் தொடர்பில்லாத மூன்றாம் நபரின் கைப்பேசி கோபுர விவரங்களைப் பெறக் குடும்ப நீதிமன்றம் அளித்த அனுமதியை, கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி எம். நாகபிரசன்னா 2022 இறுதியில் ரத்து செய்தார். சந்தேகத்தை நிரூபிக்கும் பெயரில் வேறொருவரின் அந்தரங்க உரிமையை மீற இயலாது என்றார்.

மறுபுறம், மணவிலக்கு வழக்கில் துணைக்குத் தெரியாமல் பதிவு செய்யப்பட்ட தொலைபேசி உரையாடலைச் சாட்சியமாக ஏற்கலாம் என 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், சாட்சியமாகத் தாக்கல் செய்வது வேறு. ஊருக்குப் பரப்புவது வேறு. அந்தரங்கப் படங்களையோ காணொலிகளையோ வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்பவர்கள் மீது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67ஏ பிரிவுகள் பாயும். முதல் முறைக்கே 67ஏ பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

ஊர்க் கூட்டத்துக்கு அதிகாரம் இல்லை

சட்டம் குற்றமல்ல என்று கூறும் செயலுக்கு ஊர்க் கூட்டம் தண்டனை விதிப்பது சட்டவிரோதம். கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டத்துக்குப் புறம்பானவை என, தமிழகத்திலிருந்து சென்ற வழக்கில் 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. அவற்றைத் தடுக்கத் தவறும் மாவட்ட அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது.

அபராதம் என்ற பெயரில் மிரட்டிப் பணம் பறித்தல், கட்டி வைத்தல், அடித்தல், கொலை மிரட்டல் ஆகிய ஒவ்வொன்றும் தனிக் குற்றம். பெண்ணின் ஆடையைக் களைய முற்பட்டுத் தாக்கினால், 76ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுகள் வரை சிறை விதிக்கப்படும். 2023 டிசம்பரில் பெலகாவி மாவட்டச் சிற்றூர் ஒன்றில், மகன் ஒரு பெண்ணுடன் ஊரைவிட்டுச் சென்றதற்காக அவருடைய தாய் ஆடை களையப்பட்டுக் கம்பத்தில் கட்டி வைக்கப்பட்டார். அந்நிகழ்வைக் கர்நாடக உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

பிற நாடுகளில்

தென் கொரியாவின் அரசமைப்பு நீதிமன்றம் 2015 பிப்ரவரியிலும், தைவானின் அரசமைப்பு நீதிமன்றம் 2020 மே மாதத்திலும் இக்குற்றத்தை ரத்து செய்தன. நியூயார்க் மாநிலம் 1907 முதல் இருந்த சட்டத்தை 2024 நவம்பரில் நீக்கியது. அமெரிக்காவின் வேறு சில மாநிலங்களில் அது ஏட்டில் நீடிக்கிறது. தமிழர்கள் மிகுந்து வாழும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் இது மணவிலக்குக்குக் காரணமே தவிரக் குற்றமல்ல. மலேசியாவில் முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டத்தின் கீழும், வளைகுடா நாடுகள் பலவற்றில் பொதுவாகவும் தண்டனை உண்டு. அந்நாடுகளில் பணிபுரியும் இந்தியர்களுக்கும் அந்நாட்டுச் சட்டமே பொருந்தும்.

யாரை அணுகுவது?

கணவர் அல்லது மனைவியின் உறவால் பாதிக்கப்பட்டவர் நாட வேண்டிய இடம் குடும்ப நீதிமன்றம். அது இல்லாத பகுதியில் அதிகார வரம்புள்ள உரிமையியல் நீதிமன்றம். ஜீவனாம்சத்துக்கு 144ஆம் பிரிவின் கீழும், வன்முறை இருந்தால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் முறையிடலாம். தாக்குதல், மிரட்டல், ஊர் விலக்கு ஆகியவற்றுக்கு ஆளானவர் காவல் துறையின் 112 எண்ணையோ பெண்கள் உதவி எண்ணான 181ஐயோ அழைக்கலாம்.

வழக்கறிஞர் கட்டணம் செலுத்த இயலாதோருக்கு மாவட்ட, வட்டச் சட்டப் பணிகள் குழுக்கள் இலவச உதவி வழங்குகின்றன. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இவ்வுதவிக்கு உரியவர்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச உதவி எண் 15100.